கீழேயே போலாமுங்க மாப்பிள்ளை

ஏனுங்க தம்பி, தப்பா நினைச்சுக்காட்டி ஒண்ணு கேக்கறேன். அந்த ஜன்னலோர சீட்டை எனக்குக் குடுக்கறீங்களா? காத்துக்கு இல்லீங்க. வாந்தி கீந்தின்னும் நினைச்சுக்காதீங்க. மேக்கால ஒரு மலை தெரியுது பாருங்க, அதைப் பார்த்துக்கிட்டே வரணும், அதுக்குத்தான். உச்சி தெரியுதுங்களா உங்களுக்கு? தெரியல இல்ல? ஓசூர் தாண்டுனதுல இருந்து பார்க்கறேன், மேகம் வந்து அப்படியே குந்தியிருக்குது. எந்திரிக்கற மாதிரியே தெரியல. நான் பயப்படலீங்க. சும்மா பார்க்கறதுதான்.

நல்லா இருப்பீங்க. தள்ளி உக்காருங்க, என்ற பையை மடியில வெச்சுக்கறேன். உள்ள வளையலுங்க. எம்பொண்ணுக்கு நாளைக்கு வளைகாப்பு. ஏழாம் மாசம். பெங்களூர்லதான் இருக்கா, மாப்பிள்ளையும் அவளும் இன்னைக்கு ஊருக்கு வர்றாங்க. நானும் பெங்களூர்ல இருந்துதான் வர்றேன். கூட ஏன் வரலைன்னுதானே பார்க்கறீங்க? அவங்க பஸ்ஸுல வரலீங்க. பிளேன்ல வர்றாங்க.

அட, பெரிய பிளேன் இல்லீங்க. அம்பாசிடர் கார் சைஸ்தான் இருக்கும், ரெக்கை வெச்சிருக்கும். மாப்பிள்ளை ஒரு மில் முதலாளிக்கு பைலட்டா இருக்காரு. மோகனசுந்தரம்னு பேரு. முதலாளி தங்கமானவரு, மாசமா இருக்கற புள்ளை பஸ்ஸுல குலுங்கி வர வேண்டாம், கூட்டிட்டுப் போன்னு சொல்லிட்டாரு. மத்தியானம் சாப்பிட்டுட்டுக் கிளம்பறாங்க. இதே மலையைத் தாண்டித்தான் வரணும்.

என்ற பேரு நாச்சிமுத்துங்க. திருச்செங்கோடு. ஊர் பேரைச் சொன்னாலே தொழில் தெரிஞ்சிருக்கும் உங்களுக்கு, போர்வெல் வண்டிதான். ஆந்திரா, மராட்டியம்னு போகாத எடமில்ல, இப்ப பெங்களூருக்கு அந்தாண்ட ஓடுது. அறுநூறு அடி, எண்ணூறு அடின்னு நமக்குக் கீழே போறதுதான் பொழப்பு. பூமிக்குள்ள ஆயிரம் அடி இறங்குன்னா இறங்கிடுவேன், ஒரு பயமும் கிடையாது. பாறை எங்க இருக்குது, தண்ணி எங்க இருக்குதுன்னு காலுக்குத் தெரியும். ஆனா அந்தப் பக்கம் ஆயிரம் அடின்னா எனக்கு ஆகாதுங்க. எந்தப் பக்கமுன்னு கேக்கறீங்களா? கீழேங்கறதுக்கு எதிர்ப்பதம் இருக்குதில்ல, அந்தப் பக்கம். அந்த வார்த்தையை நான் சொல்றதில்லீங்க.

சிரிக்காதீங்க. எங்கண்ணன் சென்னியப்பன்தான் முதல்ல வண்டி வாங்குனாரு. ஒரு நாள் போர் வண்டிக் கம்பத்தை நிமித்தி வெச்சிருக்கையில அதுல கயிறு சிக்கிக்கிச்சு. டேய் நாச்சி, நீ நில்லு, நான் போயிட்டு வந்தர்றேன்னாரு. அந்த வார்த்தையைச் சேர்த்துத்தான் சொன்னாரு. ஏறுனவரு இறங்கலீங்க. குறுக்க கரண்ட் கம்பி போனதை யாருமே பார்க்கல. பொறவு ஊர்ல வந்தவங்க எல்லாம் துக்கம் கேக்கறப்ப, என்னங்க இப்படிப் போயிட்டாருன்னு அதே வார்த்தையைச் சொல்லிச் சொல்லி அழுதாங்க. அன்னைக்கு விட்டதுதான். என்ற வண்டியில குழியில இருந்து பைப்பை உருவணும்னாப் பசங்க ‘வாங்கு’ன்னுதான் சொல்லணும். வீட்டுல மாடின்னு சொல்லலாம், பரண்னு சொல்லலாம், அந்த வார்த்தை வரக்கூடாது. சுகந்தி, அதான் எம்பொண்ணு, அவ அந்த வார்த்தையே இல்லாம வளர்ந்த புள்ளைங்க. பள்ளிக்கூடத்துல டீச்சர் சொன்னாக் காதைப் பொத்திக்குவாளாம். மாப்பிள்ளை கிட்டயும் நிச்சயத்தன்னைக்கே சொல்லிட்டேன். சரிங்க மாமான்னாரு.

அந்த சரிங்க மாமாவுக்காகத்தான் பொண்ணு குடுத்தனுங்க. படிச்சவரு, வானத்துல வண்டி ஓட்டறவரு, இருந்தாலும் பெரியவங்க ஒரு சொல் சொன்னா மறுசொல் கிடையாது. காப்பி குடிங்கன்னா சரிங்க மாமா. இன்னும் ரெண்டு நாள் இருங்கன்னா சரிங்க மாமா. அப்படிப்பட்ட மனுசன் வாயில இருந்து என்ன வார்த்தை வந்துச்சுன்னு சொன்னா நீங்க நம்ப மாட்டீங்க.

கொஞ்சம் இருங்க. அந்த மேகம் நகருதுங்களா? இல்லீங்களா? சரி.

போன ஐப்பசியில தலைதீபாவளி. நான் போர் வண்டியோட பெங்களூர்லதான் கெடந்தேன். பஸ்ஸுல எடமில்ல, ரயில்ல எடமில்ல. மாமனார் இல்லாம தலைதீபாவளி நடக்குமுங்களா? எண்ணெய் வைக்கறது யாரு, வேட்டி சட்டை எடுத்துக் குடுக்கறது யாரு? மாப்பிள்ளை போன் பண்ணி, மாமா, முதலாளியை பெங்களூர்ல விட்டுட்டு வண்டி காலியாத்தான் வருது, என்கூட வந்துடுங்கன்னாரு. மாட்டேன்னா பயந்துட்டான்னு நினைச்சுக்குவாருல்லீங்க. போய் உக்காந்துட்டேன்.

அவருக்குப் பக்கத்து சீட்டு. எனக்கும் முன்னால ஒரு ஸ்டீயரிங் இருந்துச்சு, ரெண்டும் சேர்ந்தேதான் அசையுமாம். அதை மட்டும் தொடாதீங்க மாமான்னாரு. தேங்காமூடி மாதிரி ரெண்டைக் காதுல மாட்டி விட்டாரு. கிளம்பிட்டோமுங்க. தரை விட்டுப் போச்சு. வயிறு எங்கயோ நின்னுக்கிச்சு, நான் மட்டும் போறேன். வீடெல்லாம் தீப்பெட்டி ஆச்சு. நான் கண்ணை மூடிக்கிட்டு, மாப்பிள்ளை, போதுமுங்க, இந்த உசரம் போதும், கீழேயே போலாமுங்கன்னேன்.

அதுக்கு அவரு, இன்னும் கொஞ்சம் ஏத்திக்கிட்டா நல்லா இருக்கும் மாமான்னாரு. பாருங்க, ஏத்தறதுன்னுதான் சொன்னாரு, அந்த வார்த்தையைச் சொல்லல. அவ்வளவு மரியாதை. நான் வேண்டாமுங்க, மரம் மட்டை கண்ணுக்குத் தெரியற மாதிரி போலாம், எனக்கு மனசுக்கு ஒரு தைரியமா இருக்கும்னேன். சரிங்க மாமான்னாரு. ஆனா முன்னால ஒரு வட்டமான மீட்டரைக் காட்டி, இதைப் பாருங்க, இதுல முள் இருக்குதில்ல, அதுதான் நமக்கு வழி காட்டுது, நாம போற ஏர்போர்ட்டுல ஒரு ஸ்டேஷன் இருக்குது, அதுல இருந்து வர்ற சிக்னலைத்தான் இது பிடிக்குதுன்னாரு. எந்த ஏர்போர்ட்டுன்னு கேக்காதீங்க, பேரைச் சொன்னா எதுக்கு வம்பு.

அந்த சிக்னல் நேராத்தான் போகுமாம். வளைஞ்சு நெளிஞ்சு வராதாம். பூமி உருண்டையா இருக்குதா, தூரம் போகப் போக சிக்னல் நம்ம தலைக்கு அந்தாண்ட போயிடுமாம், நாம தாழ இருந்தா பூமியே குறுக்க நின்னு மறைச்சுக்குமாம். மலை இருந்தா இன்னும் மோசம். தாழப் பறந்தா முப்பது மைல் நாப்பது மைல்லதான் எட்டும் மாமா, எட்டாயிரம் பத்தாயிரம் அடியில போனா நூறு மைலுக்கு அந்தாண்ட இருந்தே எட்டும்னாரு. எனக்குப் புரியட்டும்னு, வாசல்ல நின்னா திருச்செங்கோட்டு மலை தெரியாது, மொட்டை மாடியில நின்னா தெரியுதில்லீங்களா, அப்படித்தான்னாரு.

நான் விடுவனா? நீங்களே சொல்லுங்க தம்பி. அந்த ஸ்டேஷன் எங்க இருக்குது? தரையில. அப்ப தரைக்குப் பக்கத்துல போனா நல்லாக் கேக்கணுமா, தரையை விட்டுத் தூரமாப் போனா நல்லாக் கேக்கணுமா? இதை நான் கேட்டனுங்க. மாப்பிள்ளை மீட்டரை ஒரு தடவை பார்த்தாரு. என்னையே பார்த்தாரு. சரிங்க மாமான்னாரு. இன்னைக்கு வரைக்கும் யாரும் அதுக்குப் பதில் சொல்லல.

அப்படியே போயிட்டிருக்கோம். பெங்களூரு பக்கம் பூமியே உசரம், அது முடியற எடத்துல மலையா வரும். திடீர்னு அந்த மீட்டருக்குள்ள சின்னதா ஒரு செவப்புக் கொடி எட்டிப் பார்த்துச்சுங்க. முள்ளு செத்த மாதிரி நடுவுல நின்னுக்கிச்சு. மாப்பிள்ளை ஒரு திருகைத் திருகுனாரு, இன்னொன்னைத் திருகுனாரு. பின்னால விட்டுட்டு வந்த பெங்களூரு சிக்னலும் போச்சு, முன்னால இருக்கறதும் எட்டல. கொடி அப்படியே நிக்குது. பேசற ரேடியோவுல கூப்பிட்டுப் பார்த்தாரு, எண்ணெய்ச் சட்டியில கடுகு பொரியற சத்தம்தான் வந்துச்சு. நான் என்னங்க மாப்பிள்ளைன்னேன். ஒண்ணுமில்ல மாமான்னாரு. அவரு கழுத்துல வேர்வை வழியறதை நான் பார்த்துட்டேன்.

ரேடியோ கோளாறுதானுங்க அது. நான் அன்னைக்கும் சொன்னேன், இன்னைக்கும் சொல்றேன்.

அப்பறம் மேகம் வந்துச்சு. எப்படி வந்துச்சுன்னு தெரியல தம்பி. பாறையில போர் போடறப்ப வெள்ளையாத் தூசி கிளம்பும், எதிர்ல நிக்கறவன் மூஞ்சி தெரியாது. அப்படி ஒரு வெள்ளை. முன்னாலயும் அதுதான், பக்கத்துலயும் அதுதான். காலுக்கு அடியில பூமி இருக்குதா இல்லையான்னு தெரியல. எனக்குக் காலுதானுங்க கண்ணு. காலு சும்மா ஆடுது. வெளிய வந்துடலாம் மாப்பிள்ளை, இன்னும் கொஞ்சம் தாழ்த்துங்க, தரை தெரிஞ்சிடும்னேன். இல்லீங்க மாமா, இங்க மலை இருக்குது, எந்த எடத்துல இருக்கோம்னு எனக்குத் தெரியலன்னாரு. ஓட்டறவருக்கே தெரியல. எனக்கு எங்கண்ணன் மூஞ்சி வந்துச்சு. கம்பத்துல இருந்து திரும்பிப் பார்த்துச் சிரிச்சாரே, அந்த மூஞ்சி.

வெள்ளை கொஞ்சம் விலகுச்சு. மரமுங்க. ரெக்கைக்குக் கீழே, கையை நீட்டுனாப் பறிக்கலாம், இலை இலையாத் தெரியுது. எதிர்ல கறுப்பாப் பாறை. மாப்பிள்ளை ஸ்டீயரிங்கை அவரு பக்கமா இழுக்கறாரு, வரமாட்டேங்குது. ஏன்னா நான் என்ற பக்கத்து ஸ்டீயரிங்கைப் பிடிச்சிருந்தேன். சும்மாத்தான் பிடிச்சிருந்தனுங்க. பஸ்ஸுல பிரேக் போட்டா முன் சீட்டுக் கம்பியைப் பிடிச்சுக்கறோமில்ல, அந்த மாதிரி. கொஞ்சம் அழுத்திப் பிடிச்சிருப்பேன். அதுக்குப் போய் ஒரு மனுசன்,

கையை எடுடா.

அப்படீன்னாருங்க. டா போட்டாரு. என்னை. மாமனாரை. முழங்கையால என்ற நெஞ்சுல ஒரு இடி வேற. வாழ்நாள்ல என்னை டா போட்டது எங்கண்ணன் ஒருத்தருதான்.

நான் கையை விட்டுட்டேன். வண்டி மூக்கைத் தூக்கிக்கிட்டு ஏறுச்சுங்க, ஏறுச்சு, ஏறிக்கிட்டே இருந்துச்சு. நான் செத்துட்டேன்னே நினைச்சுக்கிட்டேன். எவ்வளவு நேரம்னு தெரியல, வெள்ளை திடீர்னு விலகி வெயில் வந்துச்சு. காதுல கீ, கீன்னு ஒரு சத்தம். மாப்பிள்ளை மீட்டரைக் காட்டுனாரு. செவப்புக் கொடி உள்ள போயிடுச்சு. முள்ளு உசிரு வந்து ஆடுது. அந்த ஏர்போர்ட்டு சிக்னல்தான் மாமா, எட்டிருச்சுன்னாரு. அவரு அழுதுக்கிட்டிருந்தாருங்க. எனக்கு அவரு டா போட்டதுதான் காதுல இருந்துச்சு.

தீபாவளி நடந்துச்சு. எண்ணெய் வெச்சேன், வேட்டி எடுத்துக் குடுத்தேன், ஒரு குறையும் வைக்கல. அவரு என்ற கால்ல விழுந்தாரு, மன்னிச்சுக்குங்க மாமான்னாரு. நான் வாயைத் திறக்கல. இன்னைக்கு வரைக்கும் அவர்கூட ஒரு வார்த்தை பேசல. போன்ல அவரு எடுத்தா வெச்சுடுவேன். வீட்டுக்காரி திட்டறா, பொண்ணு அழுகறா. உசிரு போறதா இருந்தாலும் மரியாதை மரியாதைதானுங்களே? நீங்க என்ன சொல்றீங்க? சரி விடுங்க.

இப்ப எதுக்கு இதெல்லாம் சொல்றேன்னா, நேத்து சுகந்தி போன் பண்ணுனா. அப்பா, நீங்களும் எங்ககூட வந்துடுங்கன்னா. நான் பஸ்ஸுல வந்துக்கறேன் கண்ணுன்னேன். அதுக்கு அவ சொல்றா, பயப்படாதீங்கப்பா, நானும் உங்க பொண்ணுதானே, நானும் தாழத்தான் போகச் சொல்லியிருக்கேன், வயித்துப் புள்ளையோட அந்த உசரமெல்லாம் எனக்கு ஆகாதுன்னு அழுதேன், அவரு சரின்னுட்டாருன்னா. சிரிச்சுக்கிட்டே சொல்றா தம்பி. நேத்து ராத்திரி பூரா பொட்டுத் தூக்கமில்ல.

அவரு சரின்னுட்டாராம். மாசமா இருக்கறவ அழுதா எந்தப் புருசன் மறுத்துச் சொல்லுவான்? நானே அப்படிப்பட்ட மாப்பிள்ளையாப் பார்த்துத்தானே பிடிச்சேன். அந்த ரேடியோ கோளாறு இன்னும் சரி பண்ணிருக்க மாட்டாங்க. அந்தக் கோளாறு தாழப் போனாத்தான் வருமுங்கறாரு அவரு. இருக்கட்டும், எதுக்கோ வரட்டும். மலையில மேகம் இருக்குது. அவ முன்சீட்டுல உக்காந்திருப்பா. அவளுக்கு முன்னாலயும் ஒரு ஸ்டீயரிங் இருக்கும். மரம் தெரிஞ்சா அவ எதைப் பிடிப்பான்னு எனக்குத் தெரியாதா?

காத்தால பஸ் ஸ்டாண்டுல ஒரு பூத்துல நின்னனுங்க. நம்பர் போட்டுட்டேன். மாப்பிள்ளை எடுத்தாரு. ஹலோ, ஹலோன்னாரு. நான் வெச்சுட்டேன். என்னன்னு சொல்றது? அவர்கிட்டப் பேசணும். பேசுனா அந்த வார்த்தையைச் சொல்லணும். ஏத்துங்கன்னு சொன்னாக் கொஞ்சமா ஏத்துவாரு, மாமா மரியாதைக்குச் சொல்றாருன்னு நினைச்சுக்குவாரு. அந்த வார்த்தையைச் சொன்னாத்தான் நான் நெசமாவே சொல்றேன்னு தெரியும். சொல்லி, எங்கண்ணனுக்கு ஆன மாதிரி ஆயிட்டா? சொல்லாம விட்டு, அந்தப் பாறை… ரெண்டும் பயமா இருக்குதுங்க. ஆமா, பயந்தான். இவ்வளவு நேரம் இல்லைன்னு சொன்னேன்.

பஸ் நிக்குதுங்களா? டீக்கடையா? பத்து நிமிஷமாம், கண்டக்டர் கத்தறாரு. தம்பி, அங்க பாருங்க, எஸ்.டி.டி. பூத்து. மணி என்னங்க? இன்னும் கிளம்பியிருக்க மாட்டாங்க. தம்பி, நீங்களும் கூட வாங்க. நீங்களே நம்பரைப் போட்டுக் குடுங்க, நான் போட்டா மறுபடியும் வெச்சுடுவேன். இந்தாங்க, இதுதான் நம்பர்.

ஹலோ. சுகந்தியா? அப்பா பேசறேன் கண்ணு. சாப்பிட்டியா? கார் வாசல்ல நிக்குதா? சரி, சரி. அவரைக் கூப்பிடு. ஆமா கண்ணு, அவரைத்தான். எதுக்கு அழுகற? கூப்பிடு.

மாப்பிள்ளைங்களா. நான் நாச்சிமுத்து பேசறனுங்க. ம். நல்லா இருக்கேன். வளையல் வாங்கியாச்சுங்க. ம். பஸ்ஸு தருமபுரி பக்கத்துல நிக்குது. இங்க மேகமா இருக்குதுங்க மாப்பிள்ளை, மலை தெரியல. அதுக்குத்தான் கூப்பிட்டேன்.

மாப்பிள்ளை.

மேலே போங்க.

ஆமாங்க, நான்தான் சொல்றேன். கேட்டுச்சுங்களா? மேலே போங்க. அந்தக் கொடி உள்ள போகற வரைக்கும் மேலே போங்க, போயும் இறங்காதீங்க, மேலேயே வாங்க. அவ அழுதா அழுகட்டும். கீழே போங்கன்னு கையைப் பிடிச்சா தட்டி விட்டுடுங்க. என்னை டா போட்ட மாதிரி அவளை டீ போட்டுத் திட்டுங்க. இடிக்கக் கூடாது, வயித்துல புள்ளை இருக்குது, திட்டுனாப் போதும். நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன். அன்னைக்கும் ஒண்ணும் நினைச்சுக்கல. அவளைப் பின்னால உக்கார வையுங்க. ம். ம். வெச்சுடறனுங்க.

என்ன சொன்னாருங்களா? சரிங்க மாமான்னாரு. வேற என்ன சொல்லுவாரு. குரல் ஒரு மாதிரி இருந்துச்சு, லைன் சரியில்லன்னு நினைக்கறேன்.

வாங்க, வாங்க, ஹாரன் அடிக்கறான். டீ வேண்டாமுங்க, அவங்க இறங்குன சேதி வந்த பொறவு குடிச்சுக்கலாம். தம்பி, ஜன்னலோர சீட்டு இன்னும் கொஞ்ச நேரம் என்கிட்டயே இருக்கட்டுங்களா? மலையைப் பார்க்கறதுக்கு இல்லீங்க. அதுக்கு மேலே பார்க்கணும்.